கிணறு கடலுக்குள் நிற்கிறது, நாங்கள் அகதிகளா?

கேள்வி: வணக்கம் வக்கீல் அக்கா. தரங்கம்பாடிக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவ ஊர் எங்களுடையது. சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் உள்ளே கட்டிக் கொடுத்த குடியிருப்புக்குப் போய்விட்டார்கள், அப்பா மட்டும் அசையவில்லை. இப்போது வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறி வருகிறது. எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடுகள் இல்லை. போன மழைக்காலத்தில் எங்கள் சமையல்கட்டுச் சுவர் விழுந்தது. தாத்தா இறக்கிய உறைகிணறு கடலுக்குள் தனியாக நிற்கிறது. தாலுகா ஆபீஸில் கேட்டால் "புயலுக்குத்தான் நிவாரணம், கடலரிப்புக்குக் கிடையாது" என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், எங்களைப் போன்றவர்களுக்குக் "காலநிலை அகதி" என்று நியூசிலாந்தில் விசா தருகிறார்கள், ஐ.நா. தீர்ப்பே இருக்கிறது, இரண்டு லட்சம் கட்டினால் தம்பியை அனுப்பிவிடலாம் என்கிறார். அம்மா நகையைக் கழற்றி வைத்துவிட்டாள். கட்டலாமா? சட்டத்தில் எங்களுக்கு என்னதான் இருக்கிறது?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் நகை. அதை அம்மா கழுத்தில் திரும்பப் போடச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். "காலநிலை அகதி விசா" என்று ஒன்று நியூசிலாந்திலும் இல்லை, வேறு எங்கேயும் இந்தியர்களுக்கு இல்லை. 2017-ல் நியூசிலாந்தின் பசுமைக் கட்சித் தலைவர் ஜேம்ஸ் ஷா, பசிபிக் தீவு மக்களுக்காக வருஷத்துக்கு 100 பேர் என்று ஒரு சோதனை விசா பற்றிப் பேசினார், அதுகூடக் கைவிடப்பட்டது. கைவிட ஒரு காரணம், அந்தத் தீவு மக்களே அதை விரும்பவில்லை. எங்களை அகதியாக்காதீர்கள், எங்கள் மண்ணிலேயே இருக்க வழி செய்யுங்கள் என்றார்கள். உங்கள் அப்பா பேசுவது மாதிரி இல்லையா?

ஏஜென்ட் சொல்லும் "ஐ.நா. தீர்ப்பு" எதுவென்று எனக்குத் தெரிகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி உண்மையை வைத்துத்தான் இந்த ஆட்கள் பணம் பறிக்கிறார்கள். பசிபிக்கில் கிரிபாட்டி என்று ஒரு தீவு நாடு. அங்கே தாராவா தீவைச் சேர்ந்த ஐயோனே டெய்ட்டியோட்டா என்பவர் 2007-ல் மனைவியோடு நியூசிலாந்து போனார். விசா முடிந்தது. திருப்பி அனுப்பாதீர்கள், கடல் உயர்கிறது, கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, இருக்கிற நிலத்துக்கு அடிதடி நடக்கிறது என்று அகதி அந்தஸ்து கேட்டார். ஒவ்வொரு படியாகத் தோற்று, 2015-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். அந்த வருஷம் செப்டம்பரிலேயே நாடு கடத்தப்பட்டார். அதற்குச் சில நாள் முன்பு ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் புகார் கொடுத்திருந்தார், 2020 ஜனவரியில் முடிவு வெளியானது. அங்கேயும் அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தக் குழு ஒரு கதவைத் திறந்து வைத்தது: காலநிலை மாற்றத்தால் உயிருக்கே ஆபத்து என்கிற நிலைக்கு ஓர் இடம் போய்விட்டால், அங்கே ஒருவரைத் திருப்பி அனுப்புவது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகலாம் என்றது. சர்வதேச நீதிமன்றமும் 2025 ஜூலை 23 அன்று தந்த ஆலோசனைக் கருத்தில் இதே திசையில் பேசியிருக்கிறது. பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைத் திருப்பி அனுப்பலாமா என்பதைப் பற்றியது. ஊரில் இருக்கும் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு விசா கொடு என்று எந்த நாட்டையும் அது கட்டாயப்படுத்தாது.

அகதி என்ற சொல்லும் சட்டத்தில் நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறுகலானது. மண்டபம் முகாமைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஊரை விட்டு ஓடி வந்தவர் எல்லோரும் அகதிதான். 1951-ம் வருஷத்து ஐ.நா. ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. இனம், மதம், தேசியம், ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது, அரசியல் கருத்து, இந்த ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும், சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கடல் யாரையும் மதம் பார்த்து விரட்டுவதில்லை. போதாக்குறைக்கு இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை. துவாலு என்ற தீவு நாட்டுக்கு மட்டும் ஆஸ்திரேலியா ஒரு தனி உடன்படிக்கை போட்டு வருஷத்துக்கு 280 பேருக்கு இடம் கொடுக்கிறது, 2025-ல் முதல் குலுக்கல் நடந்தது. அது இரண்டு நாடுகளுக்கு நடுவிலான ஏற்பாடு, நமக்கு அதில் வேலை இல்லை.

ஏஜென்ட் விஷயத்தில் கடைசியாக ஒன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஊரில் யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீது, வாட்ஸ்அப் குரல் செய்தி எதையும் அழிக்காமல் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுக் குற்றவியல் சட்டத்தின் 318-வது பிரிவு, பழைய 420.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

நாட்டுக்குள்ளேயே இடம்பெயர வைக்கப்படுகிறவர்களுக்கு உலக அளவில் 1998-ம் வருஷத்து ஐ.நா. வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன, இயற்கைப் பேரிடரும் அதில் அடங்கும். ஆப்பிரிக்க நாடுகள் 2009-ல் கம்பாலாவில் ஒப்பந்தமே போட்டு, காலநிலை மாற்றத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தன. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2022-ல் அசாம் எம்.பி. ப்ரத்யுத் போர்டோலோய் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அணைக்கோ சாலைக்கோ உங்கள் நிலத்தை அரசு எடுத்தால் 2013-ம் வருஷத்துச் சட்டப்படி நஷ்டஈடு, மறுவாழ்வு எல்லாம் உண்டு. கடல் எடுத்தால் அந்தச் சட்டம் வாய் திறக்காது. இந்த ஓட்டையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வீடு போனது போனதுதான், எடுத்தது யார் என்பதில் என்ன இருக்கிறது?

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று, கானமயில் பறவையைக் காப்பாற்றுவது பற்றிய ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை, அது அரசியலமைப்பின் 14, 21-வது பிரிவுகளுக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டது. பிழைப்பும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று 1985-லேயே மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் சொல்லியாகிவிட்டது. உங்களைக் கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் வைத்தால் அப்பாவால் விடியற்காலை நாலு மணிக்கு அலை எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று எப்படிப் பார்க்க முடியும்? அதனால் மனு எழுதும்போது வீடு என்று மட்டும் எழுதாதீர்கள். படகு நிறுத்துகிற இடம், வலை பிரித்துப் பழுது பார்க்கிற இடம், அம்மா கருவாடு காயப்போடுகிற மணல், எல்லாவற்றையும் எழுதுங்கள். சட்டத்தின் பார்வையில் அதுவும் நீங்கள் இழந்ததுதான்.

தாலுகா ஆபீஸில் சொன்ன பதில் பாதி சரி. பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் 12 பேரிடர்கள்: புயல், வெள்ளம், வறட்சி, சுனாமி, நிலச்சரிவு என்று போகிறது, கடலரிப்பு அதில் இல்லை. ஆறு திசை மாறி நிலத்தை அடித்துக்கொண்டு போனால் சிறு விவசாயிக்குக் காசு உண்டு, கடல் கொண்டுபோனால் இல்லை. பட்டியல் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பட்டியல் வேறு, சட்டம் வேறு. 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் பேரிடர் என்பதற்கான விளக்கம் அகலமானது. இயற்கையாலோ மனிதர்களாலோ வந்து, உயிரோ சொத்தோ சூழலோ பெரிய அளவில் கெட்டு, அந்த ஊர் மக்களின் சக்திக்கு மீறிப்போனால் அது பேரிடர். அதே சட்டத்தின் 12-வது பிரிவு வீட்டுச் சேதத்துக்கும் பிழைப்பை மீட்கவும் குறைந்தபட்ச உதவிக்கு நெறிமுறை வகுக்கச் சொல்கிறது, அது அரசின் கடமை, விருப்பம் இல்லை என்று 2021 ஜூன் 30 அன்று கொரோனா இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தவிர, ஒரு மாநிலம் தன் பேரிடர் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை தன் மண்ணுக்கே உரிய பேரிடர் என்று அறிவித்துச் செலவு செய்யலாம். கேரளம் கடலரிப்பை அப்படி அறிவித்திருக்கிறது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை அப்படி அறிவித்தது. வெயிலுக்கு முடிகிறது என்றால் கடலுக்கும் முடியும். இதைக் கேட்க வேண்டியது தாசில்தாரிடம் இல்லை, மேலே. ஊரே சேர்ந்து, பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இன்னொன்று, அவசரமானது. உங்கள் சமையல்கட்டுச் சுவர் விழுந்த தேதி என்ன? எழுதவில்லையே. அந்த நாட்களில் வானிலை மையம் புயல் என்று அறிவித்திருந்தால், விழுந்தது புயல் சேதம். கடலரிப்பு என்று யாரோ வாயால் சொன்னதை நீங்களும் மனுவில் எழுதிக் கொடுத்திருந்தால், உடனே தேதியைக் குறித்து இன்னொரு மனு போடுங்கள். கஜா சமயத்தில் (2018 நவம்பர் 16) இதே குளறுபடியில் சில குடும்பங்கள் விடுபட்டதை நான் பார்த்தேன். ஒரே சுவர், ஒரே ராத்திரி, மனுவில் எழுதிய ஒரு வார்த்தையால் பணம் வரவில்லை.

அப்புறம் அந்தக் கிணறு. நீங்கள் அனுப்பிய படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி இருந்த மணல் முழுக்கப் போய், உறைகள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்குத் தண்ணீரில் நிற்கின்றன, மேல் உறையில் கயிறு தேய்ந்த தடம்கூடத் தெரிகிறது. உங்கள் வழக்கில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சுவர் விழுந்தால் அள்ளிவிடுவார்கள், தென்னை விழுந்தால் வெட்டிவிடுவார்கள், கிணறு இருந்த இடத்திலேயே நிற்கும். நில அளவை வரைபடத்தில் கிணறு, கோயில் மாதிரியானவற்றைக் குறித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வரைபடத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள், அ-பதிவேட்டு (எந்த நிலம் யாருடையது, எவ்வளவு என்று எழுதிய கிராமக் கணக்கு) நகலும் வாங்குங்கள். இருக்கிற நிலத்தை அளக்கச் சொல்லி சர்வேயருக்கு இப்போதே மனு போட்டுவிடுங்கள், ஏனென்றால் நிலம் முழுக்கத் தண்ணீருக்குள் போன பிறகு அளக்க வருகிறவருக்கு அளக்க ஒன்றும் இருக்காது. கிணற்றிலிருந்து வீட்டு வாசல்படி எத்தனை அடி, இன்றைய அலைக்கோடு எத்தனை அடி என்று டேப் பிடித்து, அமாவாசை, பௌர்ணமிக்கு ஒருமுறை படம் எடுத்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். தரங்கம்பாடி மாசிலாமணி நாதர் கோயிலைப் பாருங்கள், 1306-ல் கட்டிய கோயில், கடல் எவ்வளவு தின்றது என்பதற்கு மீதி நிற்கிற கல்தானே சாட்சி. இதோடு சென்னையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வையும் மனுவில் சேர்க்கலாம். 1990 முதல் 2018 வரை பார்த்ததில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருக்கிறது என்கிறது அது. உங்கள் வீடு ஏதோ தனிக் கதை என்று யாரும் ஒதுக்க முடியாது.

பட்டா இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம், கடற்கரை ஊர்களில் பாதி அப்படித்தான். பழைய வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலின் பழைய பக்கம், மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை, எதெல்லாம் அந்தக் கதவு எண்ணைக் காட்டுகிறதோ அதெல்லாம் எடுத்துப் போட்டோ பிடித்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். காகிதமும் நனைகிற ஊர் உங்களுடையது.

உங்கள் ஊருக்குத் தெற்கே தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) துறைமுகமோ ஏதாவது கட்டியிருக்கிறார்களா? நம் கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல்லைப் போட்டு நிறுத்தினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் உள்ளே வரும். சென்னைத் துறைமுகம் கட்டியதில் மெரினா அகலமானதும் ராயபுரத்துக்கு வடக்கே கரை போனதும் அப்படித்தான். காலநிலை மாற்றத்துக்கு யார் மேல் கேஸ் போடுவது என்று தேடினால் கிடைக்காது, கல்லைப் போட்டது யார் என்பது காகிதத்தில் இருக்கும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டியிருந்தால் சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கானது) இழப்பீடு கேட்கலாம், அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-வது பிரிவின் கீழ். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் போக வேண்டும். அதனால் கட்டிய தேதி, சுற்றுச்சூழல் அனுமதி ஆணை இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த மாதமே கேட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்குச் சீக்கிரம் வரப்போகிற கேள்வி: அரசு வேறு இடம் தருகிறேன் என்றால் போகலாமா? 2005-ல் நான் ஜூனியராக நாகப்பட்டினம் பக்கம் முகாம் முகாமாக மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்த அரசாணை 172, அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த, சேதமான வீட்டுக்காரர்கள் உள்ளே போக ஒப்புக்கொண்டால் ஒன்றரை லட்சம் மதிப்பில் புது வீடு இலவசம், பழைய இடத்தை அரசிடம் விட்டுவிட வேண்டும் என்றது. போக மறுத்தால் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. ஓர் அம்மா கைநாட்டு வைத்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார், "வீடு வந்துட்டுது கண்ணு, படகை எங்க வைக்கிறது?" நான் அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும், கூட்டத்தில் படிக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என்னைக் குத்துகிறது.

அதனால் இடம் மாறுவதற்கு நான் எதிரி இல்லை, வெறும் கையெழுத்துக்குத்தான் எதிரி. ஒடிசாவில் கேந்திரபாடா மாவட்டத்துச் சதபாயா கிராமங்களைக் கடல் கொண்டுபோய், 571 குடும்பங்களைப் பகபதியாவில் குடியேற்றினார்கள். மனை கிடைத்தது, பிழைப்பு கூடவே வரவில்லை, ஆண்கள் பலர் கேரளா வரை வேலைக்குப் போகிறார்கள். கேரளத்தில் புனர்கேஹம் திட்டத்தில் கரையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பத்துக்கு நிலத்துக்கும் வீட்டுக்குமாக 10 லட்சம். மத்தியில் 15-வது நிதிக்குழு, அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களை மறுகுடியேற்ற 2021 முதல் 2026 வரைக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கப் பரிந்துரைத்தது. அது தானாக வராது, மாநிலம் திட்டம் எழுதிக் கேட்க வேண்டும். தமிழ்நாடு கேட்டதா, உங்கள் மாவட்டத்திலிருந்து என்ன அனுப்பினார்கள் என்பதையும் அந்தத் தகவல் உரிமை மனுவிலேயே சேருங்கள்.

பேச்சு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்தாரும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து, எழுத்தில் வாங்க வேண்டியவை இவை: புது மனைப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும், கடற்கரைக்குப் போகிற வழி, படகுத் துறையும் வலைக்கூடமும் ஊர்ப் பயன்பாட்டுக்கே என்ற உறுதி, காலி செய்த இடத்தை வேறு யாருக்கும் ஓட்டலுக்கோ இறால் பண்ணைக்கோ கொடுக்க மாட்டோம் என்ற வாசகம். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மீனவன் இருக்க ஆபத்தான கரை ரிசார்ட்டுக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பாகும்?

வக்கீல் செலவைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள், செலவே இல்லை. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, பெரும் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. மனுவை அம்மா பெயரிலோ உங்கள் பெயரிலோ போடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் 15100-ஐக் கூப்பிடுங்கள். கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுத்து, ரசீது வாங்கி, நியாயமான காலம் பார்த்தும் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அதற்கு அந்த ரசீதும் உங்கள் நோட்டும் வேண்டும்.

அப்பாவை இப்போதைக்கு எதற்கும் வற்புறுத்த வேண்டாம். ஒன்று மட்டும் கேளுங்கள்: தாத்தா எந்த வருஷம் கிணறு இறக்கினார், அப்போது வாசலில் நின்றால் அலை எவ்வளவு தூரத்தில் தெரிந்தது, நடுவில் எத்தனை வரிசை வீடு, யார் யார் வீடு. அவர் சொல்லச் சொல்ல எழுதி, கீழே கையெழுத்து வாங்கி, ஊரில் அவர் வயசுக்காரர்கள் இரண்டு பேரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்தத் தாளின் படத்தையும் சுவர் விழுந்த தேதியையும் எனக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.